காற்றின் கண்ணும் குருந்தக் கல்லும்: சில அரிய ஆங்கிலச் சொற்கள் பிறந்த கதை

போட்டித் தேர்வுக்காக ஐந்நூறு ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலை மூன்று மாதம் உருப்போட்டதாகவும், தேர்வு முடிந்த பத்தே நாளில் பாதிக்குமேல் மறந்துபோனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதிகம் புழங்காத ஆங்கிலச் சொற்களில் தெரிந்துகொள்ளத் தகுந்தவை எவை, அவற்றின் பொருள் என்ன, எங்கிருந்து வந்தன என்பது உங்கள் கேள்வி.

எனக்கு இருபது வருடமாக மொழிபெயர்ப்புதான் வேலை. நாள் முழுக்க அகராதி திறந்தே இருக்கும். அப்படியிருந்தும் பட்டியலில் படித்த சொல் எனக்கு நின்றதில்லை. பிறந்த கதை தெரிந்த சொல் மட்டும் நின்றிருக்கிறது. யார், எந்த ஊரில், எந்த நெருக்கடியில் அதை முதலில் சொன்னார்கள் என்று தெரிந்துவிட்டால், பொருளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனால் உங்களுக்கு ஐந்நூறு சொல் தரப்போவதில்லை. கொஞ்சம் சொற்கள்தான், ஆனால் கதையோடு.

முதலில் டிஃபெனஸ்ட்ரேஷன். ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவது என்று பொருள். இதற்கெல்லாமா ஒரு சொல் என்று தோன்றும். 1618 மே 23 அன்று, இன்றைய செக் நாட்டுத் தலைநகரான பிராகின் கோட்டையில் நடந்ததைக் கேட்டால் அப்படித் தோன்றாது. வழிபாட்டு உரிமைகளைப் பறிக்கிறார்கள் என்று கொதித்துப்போயிருந்த புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கோட்டைக்குள் நுழைந்து, புனித ரோமானியப் பேரரசரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகளான ஸ்லாவட்டா, மார்டினிட்ஸ் என்ற இருவரையும் அவர்களுடைய செயலாளர் ஃபப்ரீசியுசையும் ஜன்னல் வழியாக வெளியே வீசினார்கள். ஏறக்குறைய 70 அடி உயரம். மூன்று பேருமே பிழைத்துக்கொண்டார்கள். மாதாவே தாங்கிப் பிடித்தாள் என்றது ஒரு தரப்பு. கீழே இருந்த குப்பைமேட்டில் விழுந்ததால் தப்பினார்கள் என்றது மறுதரப்பு. இந்த மோதல் முப்பதாண்டுப் போராக வெடித்து, 1648 வரை ஐரோப்பாவின் நடுப்பகுதியைச் சூறையாடியது. செயலாளருக்குப் பின்னால் பேரரசர் ஒரு பட்டம் கொடுத்தார்: ‘ஃபான் ஹோஹென்ஃபால்’. உயரத்திலிருந்து விழுந்தவர் என்று அர்த்தம்.

லத்தீனில் ‘ஃபெனஸ்ட்ரா’ என்றால் ஜன்னல். ‘டி’ என்ற முன்னொட்டு விலக்கலையும் கீழிறக்கத்தையும் குறிக்கும். இன்றைக்குப் பத்திரிகைகளில் இந்தச் சொல் வந்தால், ஒருவரைப் பதவியிலிருந்து சட்டென்று தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் என்று எழுதியதும் இன்னொன்று சொல்லாமல் தாண்ட முடியவில்லை. ஜன்னல் நம் சொல் இல்லை, போர்த்துகீசியரின் ‘ஜனேலா’. அதன் வேரைத் தோண்டினால் லத்தீனில் ‘சின்ன வாசல்’ என்று வரும். ஆங்கிலத்தின் விண்டோவும் ஆங்கிலத்துக்குச் சொந்தமில்லை. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘விண்ட்’ காற்று, ‘அவ்கா’ கண். காற்றின் கண்! இப்போது பழந்தமிழுக்கு வாருங்கள். ஜன்னலுக்கு நம்மிடம் இருந்த ஒரு பெயர் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது ‘மான்கண் காலதர்’ என்கிறது. மானின் கண் வடிவில் துளையிட்ட காற்றுவழி. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே ஓட்டையைப் பார்த்துக் காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கின்றன. முதன்முதலில் இதைக் கவனித்த நாள் நான் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நடந்தேன். இந்தத் துறையில் என்னை இத்தனை வருடம் பிடித்துவைத்திருப்பது இந்த மாதிரி நாட்கள்தான்.

அடுத்தது செரண்டிப்பிட்டி. இதற்கு எல்லோரும் ‘எதிர்பாராத அதிர்ஷ்டம்’ என்று பொருள் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. இந்தச் சொல் பிறந்த தேதியே தெரியும்: 1754 ஜனவரி 28. பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலின் மகன் ஹொரேஸ் வால்போல், ஃபிளாரன்ஸில் தூதராக இருந்த ஹொரேஸ் மான் என்ற நண்பருக்கு அன்று ஒரு கடிதம் எழுதினார். ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டும்போது, தேடாமலே தனக்கு வேண்டிய ஒரு குலச்சின்னம் கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டு, இப்படிக் கிடைப்பதற்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன் என்று எழுதினார். முன்பு ஒருமுறை படித்த ‘செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்’ கதையிலிருந்து அதை எடுத்தாராம். செரண்டிப் என்பது அரபியரும் பாரசீகரும் இலங்கைக்கு வைத்திருந்த பெயர்.

அந்தக் கதையில் இளவரசர்கள் போகிற வழியில் ஒரு ஒட்டகத்தைத் தொலைத்தவன் எதிர்ப்படுகிறான். ஒட்டகத்தைக் கண்ணால் பார்க்காமலே, அதற்கு ஒரு கண் தெரியாது, ஒரு கால் நொண்டி, ஒரு பல் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். வழியில் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருந்தது, ஒரு குளம்பு இழுபட்ட தடம் இருந்தது, பல்லளவு புல் துணுக்குகள் சிந்தியிருந்தன. அதை வைத்துச் சொன்னார்கள். ‘இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே’ என்று இருக்கிறதா? நம் நான்கு மந்திரி கதைதான். அளகாபுரியை ஆண்ட அளகேச மன்னனிடம் நான்கு இளைஞர்கள் இதே மாதிரி ஒட்டகத் துப்புச் சொல்லித்தான் மந்திரி ஆகிறார்கள். அங்கே ஒட்டகத்துக்கு வயிற்றுவலி வேறு உண்டு. முன்னங்கால் தடம் ஆழமாகவும் பின்னங்கால் தடம் லேசாகவும் பதிந்திருந்ததை வைத்து அதையும் கண்டுபிடிப்பார்கள். ஊர் ஊராக, மொழி மொழியாக நடந்த ஒட்டகம் அது.

விஷயம் என்னவென்றால், வால்போல் தன் கடிதத்தில் தற்செயலோடு கூர்மதியையும் சேர்த்தே சொல்கிறார். கிடைப்பது தற்செயலாக இருக்கலாம். கிடைத்தது இன்னதென்று தெரிந்துகொள்ளும் கண் வேண்டும். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சை பிடித்தது தற்செயல். அந்தப் பூஞ்சையைச் சுற்றிக் கிருமிகள் செத்திருந்ததை நின்று பார்த்தது தற்செயல் இல்லை. லாட்டரியில் பரிசு விழுந்தால் அதைச் செரண்டிப்பிட்டி என்று எழுதாதீர்கள். அது அதிர்ஷ்டம், அவ்வளவுதான். வால்போலின் அந்தக் கடிதங்கள் 1833-இல்தான் அச்சேறின. எண்பது வருடத்துக்குக் கிட்ட இந்தச் சொல் ஒரு காகிதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

செரண்டிப் என்பது ‘சேரன் தீவு’தான் என்று ஒரு செய்தி நம்மிடையே அடிக்கடி சுற்றுகிறது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அகராதிகள் காட்டும் வேர் ‘சிம்ஹளத்வீபம்’. வடமொழி வடிவம் பாரசீகத்திலும் அரபியிலும் ‘சரந்தீப்’ ஆயிற்று. சொற்பிறப்பில் நமக்குப் பிடித்த கதையும் நடந்த கதையும் பல நேரம் வேறு வேறு. ஆங்கிலத்திலும் இதே தொல்லைதான். ‘பாஷ்’ என்று பகட்டுக்கு ஒரு சொல் இருக்கிறதே, இந்தியாவுக்குக் கப்பலில் வந்துபோன பணக்காரர்கள் வெயில் படாத பக்கத்து அறையைக் கேட்டு வாங்கியதன் முதலெழுத்துச் சுருக்கம் அது என்பார்கள். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’, அதாவது போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கமாம். அப்படி முத்திரை குத்திய ஒரு பயணச்சீட்டுகூட இதுவரை கிடைக்கவில்லை. பெரிய அகராதிகள் அந்தக் கதையை ஏற்பதில்லை. முதலெழுத்துகளைக் கூட்டிச் சொல் வந்ததாக யாராவது சொன்னால், அந்தச் சொல்லுக்கு நூறு வயதுக்குமேல் ஆகியிருந்தால், நம்பாமல் இருப்பதே நல்லது.

திருத்திச் சொன்ன பிறகும் தவற்றை விடாமல் பிடித்திருப்பவரைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு: மம்ப்ஸிமஸ். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய கதை இது. படிப்பறிவு குறைந்த ஒரு பாதிரியார் திருப்பலியில் ‘சும்ப்ஸிமஸ்’ (பெற்றுக்கொண்டோம்) என்று வரவேண்டிய லத்தீன் சொல்லை வருடக்கணக்காக ‘மும்ப்ஸிமஸ்’ என்று ஓதிவந்தார். அப்படி ஒரு சொல்லே லத்தீனில் கிடையாது. ஒருவர் எடுத்துச் சொன்னபோது, உங்கள் புது சும்ப்ஸிமஸுக்காக என் பழைய மும்ப்ஸிமஸை விடமாட்டேன் என்றாராம். 1545-இல் எட்டாம் ஹென்றி நாடாளுமன்றத்தில் பேசும்போது மதச் சண்டைக்காரர்களைக் கடிந்துகொள்ள இந்த இரண்டு சொற்களையும் எடுத்தாண்டார். அந்த மனிதரையும் அவருடைய தவற்றையும், இரண்டையுமே இந்த ஒரு சொல் குறிக்கும்.

இதற்கு அண்டை வீட்டுச் சொல் அல்ட்ராகிரெபிடேரியன். தனக்குத் தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்கிறவர். கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் தன் படங்களைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வைத்துவிட்டு, பின்னால் மறைந்து நின்று பேச்சைக் கேட்பாராம். ஒரு செருப்புத் தைப்பவர், செருப்பு வாரில் ஒரு கண்ணி குறைகிறது என்றார். அப்பெல்லஸ் அன்றே அதைத் திருத்தினார். மறுநாள் வந்தவர் அந்தப் பெருமையில் காலைப் பற்றியும் குறை சொல்ல ஆரம்பித்தார். ஓவியர் வெளியே தலையை நீட்டி, செருப்புக்கு மேலே போகாதே என்றார். ரோமானியரான மூத்த பிளினி எழுதிவைத்த கதை இது. ‘கிரெபிடா’ என்றால் செருப்பு, ‘அல்ட்ரா’ என்றால் அப்பால். 1819-இல் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட், தன்னைத் தாக்கிய விமர்சகர் வில்லியம் கிஃபோர்டுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இந்தச் சொல்லை வீசினார். கிஃபோர்ட் சிறுவயதில் செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த அடியில் ஒரு கொடுமை இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. முதல் நாள் அந்தத் தொழிலாளி சொன்ன குறை சரியாக இருந்தது, ஓவியரே திருத்தினார் என்பதையும் சேர்த்தே இந்தக் கதையை நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது நம் மண்ணிலிருந்து போன ஒரு சொல். மாணிக்கக் கல்லையும் நீலக் கல்லையும் நகைக்கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே கனிமம்தான், அலுமினியம் ஆக்சைடு. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அந்தக் கனிமத்துக்கு உலகம் முழுக்க வழங்கும் அறிவியல் பெயர் கொரண்டம். அது நம் குருந்தம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்குப் பத்து, குருந்தத்துக்கு ஒன்பது. விலையுயர்ந்த கைக்கடிகாரங்களில் கீறல் விழாத கண்ணாடி என்று விற்கிறார்களே, அது ஆலையில் வளர்த்த குருந்தம். சாணை பிடிப்பவர் தோளில் தூக்கிவரும் பழைய சாணைக்கல்லை நினைத்துப்பாருங்கள். குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்ப்பார்கள். அரிவாள் அதில் படும்போது பொறி பறக்கும். தேய்வது இரும்பு, தேய்ப்பது மாணிக்கத்தின் உடன்பிறப்பு.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி குருந்தத்துக்குப் பெயர்போன இடம். அங்கே உள்ள அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் 2-இன் ஊர்தியைத் தரையில் ஓட்டிப்பார்க்க இஸ்ரோ செயற்கை நிலாமண் தயாரித்தபோது, இந்தப் பக்கத்துப் பாறையைத்தான் அரைத்துக்கொண்டார்கள். கொரண்டம் என்ற சொல்லைப் பட்டியலில் ‘கடினமான கனிமம்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டுப் போவது எனக்கு ஆறவே ஆறாது.

இந்த மாதிரி இந்தியச் சொற்களைத் தேட ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ என்ற 1886-ஆம் ஆண்டு அகராதியைப் பாருங்கள். ஹென்றி யூலும் ஆர்தர் கோக் பர்னலும் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டு சேர்த்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். 1882-இல் இறந்துவிட்டார், புத்தகத்தை அச்சில் பார்க்கவில்லை. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனதும், அதைக் குடித்துப் பழகிய சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர்களை வங்காளத்துக்காரர்கள் ‘மல்’ என்று பட்டப்பெயர் வைத்து அழைத்ததும் அதில் இருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, வெட்டிவேர் எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஷிபலெத். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று படியுங்கள். எபிரேய மொழியில் தானியக் கதிர் என்று பொருள், நீரோட்டம் என்றும் சொல்வார்கள். விவிலியத்தில் நியாயாதிபதிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தில் கீலேயாத்தியருக்கும் எப்பிராயீமியருக்கும் சண்டை. தோற்றுத் தப்பி ஓடும் எப்பிராயீமியர் யோர்தான் ஆற்றுத் துறைக்கு வருகிறார்கள். அங்கே காவல் நிற்பவர்கள் ஒவ்வொருவரையும் ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீமியர் நாக்கில் ‘ஷ’ வராது. ‘சிபோலேத்’ என்றவனைப் பிடித்து அங்கேயே வெட்டுகிறார்கள். நாற்பத்தீராயிரம் பேர் செத்ததாக அந்த வசனம் சொல்கிறது. இன்றைய ஆங்கிலத்தில், இவர் நம்மவரா வெளியாளா என்று காட்டிக்கொடுக்கும் பேச்சு, பழக்கம், கோஷம் எல்லாமே ஷிபலெத்.

1983 ஜூலையில் இலங்கையில் கும்பல்கள் பேருந்துகளை மறித்து, வாளிக்கான சிங்களச் சொல்லான ‘பால்திய’வைச் சொல்லச் சொன்னார்கள். சிங்களத்தில் அதன் முதல் எழுத்து பாரதியின் ‘பா’ போல மென்மையாக ஒலிக்கும். ஈழத்தமிழர் நாக்கில் சொல்லின் முதலில் அந்த ஒலி எளிதில் வராது, பால் குடிக்கிற ‘பா’வாகிவிடும். அந்த ஒரு எழுத்தில் ஆட்கள் கொல்லப்பட்டார்கள். ஷிபலெத்துக்குத் தமிழில் ‘அடையாளச் சொல்’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. ஒரு கட்டுரையில் இது வந்தபோது ‘உயிர்காட்டிச் சொல்’ என்று எழுதிப் பார்த்தேன், அதுவும் போதவில்லை. கடைசியில் யோர்தான் கதையை அடிக்குறிப்பாகச் சேர்த்தேன்.

உடம்பைப் பற்றிய சில சின்னச் சொற்கள் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாண்டிகுலேஷன் என்றால் சோம்பல் முறிப்பது. லத்தீனின் ‘பாண்டெரெ’, விரிப்பது. எக்ஸ்பாண்ட் என்ற உங்களுக்குத் தெரிந்த சொல்லும் அதே வேர்தான், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். போர்போரிக்மஸ் என்றால் வயிறு கடமுடா என்று சத்தம் போடுவது. கிரேக்கர்கள் சத்தத்தையே சொல்லாக்கிவிட்டார்கள், நாம் கடமுடா என்று சொல்வது போலத்தான். வெல்லியிட்டி என்றால் செயலுக்கு இறங்காத ஆசை. காலையில் எழுந்து நடக்கணும் என்று படுக்கையிலேயே நினைத்துக்கொண்டிருப்பது. அப்புறம் அப்ரிசிட்டி. குளிர்காலத்து வெயிலின் இதம். 1623-இல் ஹென்றி காக்கரம் தன் அகராதியில் எழுதிவைத்தார், பேச்சில் அது புழங்கவே இல்லை. மார்கழிக் காலையில் திண்ணையில் உட்கார்ந்து இளவெயில் காய்கிறோமே, அதேதான். அவர்களுடைய அகராதியில் மட்டும் இருக்கிற சொல், நம் பாட்டிகளுக்குத் தினமும் பழகிய செயல்.

கடைசியாகப் பெட்ரிகோர், மண்வாசனை. முதல் மழைக்குக் கிளம்பும் வாசனை. 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் ‘நேச்சர்’ இதழில் இந்தப் பெயரை வைத்தார்கள். ‘பெட்ரா’ பாறை. ‘இகோர்’ கிரேக்க தெய்வங்களின் நரம்புகளில் ஓடும் திரவம். பாறையின் தெய்வ ரத்தம் என்று அறிவியல் கட்டுரையில் பெயர் வைக்க ஒரு மனது வேண்டும். வறண்ட காலத்தில் செடிகளிலிருந்து கசியும் எண்ணெய் மண்ணிலும் கல்லிலும் ஊறிக்கிடந்து, ஈரம் பட்டதும் வெளியேறுகிறது என்பது அவர்கள் கண்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் அந்த வாசனையில் சேர்கிறது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைப் பிடித்துவிடும்.

பெயர்தான் 1964-இல் வந்தது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இந்த வாசனையை அதற்கு வெகுகாலம் முன்பே குப்பியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். காய்ந்த களிமண்ணைச் சூளையில் சுட்டு, செப்புப் பானையில் தண்ணீரோடு போட்டு, வாயைக் களிமண்ணால் பூசி அடுப்பேற்றுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக இறங்கிச் சந்தன எண்ணெயில் கலக்கும். ‘மிட்டி அத்தர்’ என்று பெயர். அந்த விஞ்ஞானிகளும் இந்தத் தொழிலைத் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே சொல், அதன் கீழே ஊர், ஆண்டு, ஆள். பிறகு வேர்ச்சொல், அதே வேரில் உங்களுக்கு முன்பே தெரிந்த இன்னொரு ஆங்கிலச் சொல். கடைசி வரியில், அதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது. என் நோட்டில் பெட்ரிகோர் பக்கத்தின் கடைசி வரி, எங்கள் அம்மா கொல்லையில் நின்று சொன்னது: “மண்ணு மணக்குது, துணிய எடு.”